விடிந்தால் புதன்

வெர்ஷன் மாற்றுவது என்றால் என்னவென்று ஹரிஹரசுப்ரமணியனுக்குத் தெரியாது. முதலாளிக்கு எதற்குத் தெரிய வேண்டும்? பழைய சட்டையைக் கழற்றிவிட்டுப் புதிது போடுகிற மாதிரிதானே என்று மாசி மாதம் அவர் சொன்னதை, சித்திரை பிறந்த பிறகும் மதிவதனி மறக்கவில்லை. சட்டையாம். கழற்றப் போனால் தோலும் சேர்ந்து வந்தது.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஒரே ஏ.சி., அதுவும் முதலாளி அறையில். மற்றவர்களுக்கு மின்விசிறி. அதன் கீழே உட்கார்ந்து இரண்டு மாதமாக அவள் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தாள். நன்னிலம் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கம்பெனிக்காக ஆறு வருடம் முன்பு எழுதிய செயலி அது. பெயர் ‘முறை’. ஊருக்கு ஒரு கூட்டு போர்வெல் இருக்கும். அதில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று செயலி முறை போடும். வாரம் பிறந்ததும் ஒவ்வொருவர் போனுக்கும் செய்தி போகும்: உங்கள் முறை இன்ன கிழமை, இத்தனை மணி. அவ்வளவுதான் அதன் வேலை.

ஆனால் அது உட்கார்ந்திருந்த ஃபிரேம்வொர்க் ஐந்து வெர்ஷன் பழையதாகிவிட்டது. சித்திரைக்கு மேல் பழையதை ஓட்ட மாட்டோம் என்று சர்வர்க்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்றையும் புதுப்பி என்று கேட்டது. அதைப் புதுப்பித்தால் முதலாவது, இதோடு எனக்கு ஒத்துவராது என்று முறுக்கிக்கொண்டது. சம்பந்திச் சண்டை தோற்றது போங்கள். காலையில் வந்து திரையைத் திறந்தால் சிவப்பு எழுத்து. மாலையில் மூடும்போதும் சிவப்பு எழுத்து, வேறு வரியில். அவளுக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. விடுதி அறையில் யாராவது "என்னடி ஆச்சு" என்று கேட்டால் பதில் சொல்லவும் அலுப்பாக இருந்தது.

அந்த இரண்டு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் சதீஷின் தப்பு. ஆறு வருடம் முன்பு ‘முறை’யை எழுதியவன் சதீஷ்; எழுதியதை மற்றவர்கள் தலையில் கட்டிவிட்டுக் கனடா போய்விட்டான். சர்வர் ஓடியது வெளிநாட்டு நேரத்தில். மணியை மட்டும் நம் நேரத்துக்கு ஐந்தரை கூட்டிக் காட்டியவன், தேதியை மாற்ற மறந்திருந்தான். அதனால் நடு இரவு தாண்டியும், ஏறக்குறைய விடியும் வரை, செயலி முந்தின நாளையே காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் ஒரு ஆள்கூட இதைப் பற்றிப் புகார் சொல்லவில்லையா என்று அவளுக்கு ஆச்சரியம். புதிய வெர்ஷனில் இந்தக் கணக்கெல்லாம் தானாகவே சரியாக நடக்கும். சதீஷின் அந்த நாலு வரியை அழித்தபோது, பல்லில் மாட்டிக்கொண்டிருந்த நாரை எடுத்துப்போட்ட நிம்மதி. அன்று மட்டும் கீழே போய் ஒரு ரோஸ் மில்க் குடித்தாள்.

சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிய வெர்ஷன் ஏறியது. திங்கள் காலை செய்திகள் போயின. ஒரு புகாரும் வரவில்லை. அறைக்குப் போய்ப் படுத்தவள், அடுத்த நாள் முழுக்க லீவு சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

வியாழக்கிழமை முதலாளி கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு. பொய்கைமங்கலம் தண்ணீர்க் கமிட்டித் தலைவர் நாகேஸ்வரன் சார் பேசினாராம். செயலி இப்போது படு வேகம், பார்க்கவும் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினாராம். பொய்கைமங்கலம் அவளுடைய ஊர். அது முதலாளிக்குத் தெரியாது. அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"ஒரே ஒரு சமாசாரம். ராத்திரி முறைக்காரங்க ரெண்டு பேர் வரவே இல்லையாம். பம்ப்பு சும்மா ஓடியிருக்கு. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல, ராத்திரி முறையை மட்டும் ஆப்லேருந்து எடுத்துட்டுப் பழையபடி பம்ப்பு ரூம் சாவியைத் தன் வீட்டிலயே வச்சுக்கப் போறாராம். அதுக்கு ஏத்த மாதிரி நாம ஒரு பட்டன் வச்சுக் குடுக்கணும்" என்றார்.

யார் அந்த இரண்டு பேர் என்று அவள் கேட்டாள். அவர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

"வேம்புன்னு ஒரு அம்மா. இன்னொருத்தர் வீரையன்."

வீரையன் அவளுடைய அப்பா. வேம்பு பக்கத்து வீட்டு அத்தை. மதிவதனி சரி என்று தலையாட்டிவிட்டு இடத்துக்கு வந்தாள்.

சாவி நாகேஸ்வரன் வீட்டுக்குப் போவது என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போர்வெல்லுக்கு மின் இணைப்பு அவர் பெயரில் இருந்தது. ஊரில் பாதி நிலம் அவர்கள் குடும்பத்துக்கு இருந்த காலத்து இணைப்பு. நிலத்தை விற்றார்கள், குத்தகைக்கு விட்டார்கள், பிள்ளைகள் சென்னைக்குப் போனார்கள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அவர் மட்டும் ஊரோடு தங்கினார். கூலிக்குப் போய்க்கொண்டிருந்த, அவள் பிறந்த கிழக்குத் தெருக்காரர்கள் ஒரு மா, இரண்டு மா என்று அந்த நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கிச் சொந்தமாகப் பயிர் வைத்தார்கள். நிலம் கை மாறியது, சாவி மாறவில்லை. தண்ணீர் வேண்டுமானால் அவர் வீட்டு கேட்டில் போய் நிற்க வேண்டும். மனிதர் கெட்டவர் இல்லை. ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. குளித்து, சாப்பிட்டு, பேப்பர் படித்து முடித்து வெளியே வருவார். அதுவரை நிற்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சீருடையோடு அப்பா பக்கத்தில் நின்று, நேரமாகிவிட்டது என்று சிணுங்கியதும், அப்பா "சத்தம் போடாத" என்று கண்ணால் அடக்கியதும் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. செயலி வந்த பிறகுதான் சாவி, பம்ப் ஓட்டும் வைரக்கண்ணுவின் இடுப்புக்குப் போனது. யார் பெயர் திரையில் வருகிறதோ அவருக்குத் தண்ணீர். அரை மணி நேரம் ஆள் வராவிட்டால் அடுத்தவருக்கு. யாரும் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. இந்த அலுவலகத்தில் வேலை கேட்டு வந்ததே, ‘முறை’யை எழுதியது இவர்கள் என்று தெரிந்துதான். அந்தச் செயலியை இப்போது சொந்த அப்பாவே கெடுத்துவிட்டாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மொட்டை மாடிக்குப் போய் போன் போட்டாள். அன்றைக்கு முறையை ஏன் விட்டாய் என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"கண்ணசந்துட்டேன் ஆயி" என்றார் வீரையன்.

அவள் பொரிந்து தள்ளினாள். போன மாதம் புது போன் வாங்கி அலாரம் வைக்கச் சொல்லிக் கொடுத்தேனே, அது எதற்கு? பகல் முறைக்காரர்கள் எல்லாம் ஒழுங்காக வந்தார்கள், நம் தெரு ஆட்களுக்கு மட்டும் தூக்கமா? இனிமேல் அவர் வீட்டு வாசலில் நிற்கப் போவது நீ ஒருவன் இல்லை, தெருவே நிற்கும், உன்னால். கடைசியில் சொல்லியிருக்கக் கூடாத ஒன்றையும் சொன்னாள்.

"பொறுப்பே இல்லப்பா உனக்கு."

"சரி ஆயி. சாப்டியா?" என்றார் அவர். அவள் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மாலை பஸ் ஏறினாள். திருவாரூரில் இறங்கி, மாறி, வீடு போய்ச் சேர இருட்டிவிட்டது. அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் குழம்பை ஊற்றிக்கொண்டே, பயிர் தொண்டைக்கதிராக, கதிர் வெளிவருகிற பருவத்தில் நிற்கிறது, இந்த வாரம் தண்ணீர் பாயாவிட்டால் பாதி மணி பிடிக்காத கருக்காய்தான் என்று பொதுவாகச் சொன்னாள்.

ஞாயிறு காலை வயலைப் பார்க்கத் தனியாகப் போனாள். ஊரின் வயலெல்லாம் பச்சையாக நின்றது. வாய்க்கால் முடிகிற இடத்தில், கிழக்குத் தெரு நிலத்தில் மட்டும் மண் வெடித்து, தாள் சுருண்டு நின்றது. தண்ணீர் தலைமடையில் காலையில் புறப்பட்டு ஒவ்வொரு வயலாக இறங்கிக் கடைமடைக்கு வரும்போது நடு இரவு தாண்டிவிடும். அதனால் ராத்திரி முறை எப்போதும் இவர்களுக்குத்தான். வரப்பில் வேம்பு புல் அறுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் இறந்த பிறகு ஒற்றையாளாக இரண்டு மா பயிர் வைக்கிறவள்.

"ஏன் அத்தை, நீங்களுமா தூங்கிட்டீங்க?" என்று கேட்டாள் மதிவதனி. கேட்ட விதம் அவளுக்கே பிடிக்கவில்லை.

வேம்பு அரிவாளைக் கீழே வைத்தாள். வயல் காய்கையில் யாருக்காவது தூக்கம் வருமா என்று திருப்பிக் கேட்டாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உன் அப்பன் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறான், ஆனாலும் மனசு கேட்கவில்லை என்று ஆரம்பித்தாள். இரண்டு பேரும் மம்பட்டியோடு சொன்ன நேரத்துக்குப் போனார்களாம். அன்றைக்குக் கிழக்குத் தெருவில் யாருக்கும் முறை இல்லாததால், அங்கே தலைமடைக்காரர் ஒருவருக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்ததாம். உங்கள் முறை நேற்றே போய்விட்டது என்றானாம் வைரக்கண்ணு. போனில் என்ன போட்டிருந்ததோ அந்த ராத்திரிக்குத்தான் போனோம் என்று சொல்லி, மடியிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

மதிவதனி வாங்கிப் பார்த்தாள். ‘உங்கள் முறை: புதன், இரவு 2 மணி.’

செய்தி சரியாகத்தான் இருந்தது. நடு இரவு பன்னிரண்டுக்குப் புதன்கிழமை பிறந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு மணி என்றால் புதன்தான். கம்ப்யூட்டர் கணக்கில் அதில் ஒரு குற்றமும் இல்லை.

"புதன் ராத்திரி ரெண்டு மணின்னா, புதன் ராத்திரிதானே ஆயி போவணும்?" என்றாள் வேம்பு. "முன்னல்லாம் செவ்வாய் ராத்திரின்னு வரும். செவ்வாய் ராத்திரி போவோம். விடிஞ்சா புதன். இப்ப புதன் ராத்திரின்னு வந்திச்சு. புதனன்னிக்குப் போனோம்."

விடிந்தால் புதன். மதிவதனி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் பிறந்ததே ராத்திரி இரண்டரை மணிக்கு. ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த சான்றிதழில் ஒன்பதாம் தேதி. வீட்டில் எட்டாம் தேதி. எட்டாம் தேதி ராத்திரி, விடிந்தால் ஒன்பது என்பாள் அம்மா. அலுவலகத்தில் ஒன்பதாம் தேதி கேக் வெட்டுவார்கள். வீட்டில் எட்டாம் தேதி பாயசம். முப்பது வருடமாக இரண்டு தேதிகளோடும் அவள் குழப்பமில்லாமல் குடித்தனம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறாள். இந்த ஊரில் நாள் விடியும்போதுதான் பிறக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அந்த நாலு வரியைச் சந்தோஷமாக அழித்தாளே. சதீஷ் தப்பாக எழுதியது ஊருக்குச் சரியாக இருந்தது. அவள் சரியாக எழுதியது ஊருக்குத் தப்பாகிவிட்டது. அதுவும் ஊருக்கென்ன, நடு இரவுக்கு மேல் தண்ணீர் பாய்ச்சுகிற தன் தெருவுக்கு மட்டும்.

நம்ப முடியாமல் அங்கிருந்தே சதீஷைக் கூப்பிட்டாள். கனடாவில் அவன் படுக்கப் போகிற நேரம். ஊர்க்கணக்கு தெரிந்துதான் தேதியை அப்படி விட்டாயா என்று கேட்டாள். "அட, தேதி தப்பாவா காட்டிச்சு?" என்று அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். அவனோடு மேற்கொண்டு பேசத் தெம்பில்லை.

மேலே இருந்த வரப்புக்கு வீரையன் மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்றதையும், வேம்பு இருந்த திசையையும் பார்த்தார். விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. மம்பட்டியை நிறுத்தாமல் மண்ணை இழுத்தார்.

"ஏன்ப்பா தூங்குனேன்னு சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? அது நீ செஞ்சதுன்னு ஊருக்கே தெரியும். நானே போயி அது தப்புன்னு கூட்டத்துல சொல்லவா? ஒரு கெழவன் தூங்கிட்டான்னா அதோட போயிடும்."

"சாவி அவர் வீட்டுக்குப் போயிடும்ப்பா."

"போனா நிக்கிறது" என்றார் வீரையன். "நின்னு பழகுன காலுதானே."

பொறுப்பே இல்லை என்று இந்த மனிதரிடமா சொன்னோம் என்று அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டுக்கு நடந்தாள்.

முதலாளிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் பதறவில்லை, நல்ல மனிதர்தான். திருத்திவிடு, ஆனால் நம் தவறு என்று எழுத்தில் கொடுக்காதே, வருட ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயம், சின்ன மேம்பாடு என்று போட்டுக்கொள்ளலாம் என்றார். அப்படிப் போட்டால் அந்த இரண்டு பேரும் தூங்கியவர்களாகவே நிற்பார்களே என்றாள் அவள். அதெல்லாம் ஊர் நாலு நாளில் மறந்துவிடும் என்றார் அவர்.

"வீரையன் எங்கப்பா, சார்."

முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றார். பிறகு, எதுவாக இருந்தாலும் தன்னைக் கேட்காமல் எதையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

மத்தியானம் முழுக்க அவள் கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா இரண்டு தடவை மோர் கொண்டுவந்து வைத்தாள். அழித்த நாலு வரிக்குப் பதில் புதிதாக எழுதினாள். இந்தத் தடவை தெரிந்தே எழுதினாள். முறையில் நாள் என்பது காலை ஆறு மணிக்குப் பிறந்து மறுநாள் காலை ஆறு வரை இருக்கும். அதற்கு மேலே, பின்னால் வரப்போகிறவனுக்காக ஒரு குறிப்பும் எழுதினாள்: ‘இது தப்பு இல்லை. இங்கே நாள் விடிந்துதான் பிறக்கும். தயவுசெய்து திருத்த வேண்டாம்.’ சோதித்தாள், ஏற்றினாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. பிறகு பொய்கைமங்கலம் உறுப்பினர்கள் எல்லோருக்கும் போகிற மாதிரி ஒரு செய்தியைத் தட்டினாள். அனுப்புவதற்கு முன் வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்கிற சக்தியும் அவ்வளவாக இல்லை. கூட்டம் கூடட்டும் என்று காத்திருந்தாள்.

சாயங்காலம் நூலகக் கட்டடத்தில் கூட்டம். நாகேஸ்வரன் வெள்ளைச் சட்டையில் நாற்காலியில் இருந்தார். ராத்திரி முறையில் ஒழுங்கில்லை, தண்ணீர் வீணாகிறது, அதனால் சாவியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வதாகத் தீர்மானம் என்று நிதானமாகப் படித்தார். தலைமடைக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பகல் முறைக்காரர்கள் எல்லோரும் சரியாக வந்திருக்கும்போது இவர்களுக்கு மட்டும் என்ன கேடு என்று ஒருவர் முனகினார். வீரையன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, தூங்கியது தன் தப்புதான் என்று தொடங்கினார். கதவோரம் நின்றிருந்த மதிவதனி பட்டனைத் தொட்டாள்.

அறை முழுக்கப் போன்கள் அடுத்தடுத்துக் கிணுகிணுத்தன. நாகேஸ்வரனுக்குப் பள்ளிக்கூடத்துப் பழக்கம். எதையும் உரக்கத்தான் படிப்பார்.

"சென்ற வாரம் ராத்திரி முறைக்குக் கிழமை மாற்றி அனுப்பியது இந்தச் செயலி. செவ்வாய் ராத்திரி என்று வர வேண்டியது புதன் ராத்திரி என்று போய்விட்டது. தவறு, அதை எழுதிய என்னுடையது. வீரையனும் வேம்பும் தூங்கவில்லை. இப்படிக்கு, வீ. மதிவதனி."

படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லீங்கய்யா" என்றார் வீரையன், கட்டிய கையை அவிழ்க்காமல். "புள்ள என்னைக் காப்பாத்த எழுதுது. நான் தூங்குனதுதான் நெசம்."

நாகேஸ்வரன் அவரைப் பார்த்தார், கதவோரம் பார்த்தார். பிறகு வைரக்கண்ணுவிடம், புதன் ராத்திரி இவர்கள் வந்தார்களா என்று கேட்டார்.

"வந்தாங்கய்யா. ரெண்டு பேரும் மம்பட்டியோட வந்து நின்னாங்க."

"ஏன்டா இதை முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கலீங்களே" என்றான் வைரக்கண்ணு.

நாகேஸ்வரன் போனை மறுபடி எடுத்துப் பார்த்தார். புதன் ராத்திரி என்று போட்டிருந்தால் நானும் புதன் ராத்திரிதான் போயிருப்பேன் என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். தீர்மானம் எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. விட்டுப்போன முறையை இன்றைக்கே அந்த இரண்டு பேருக்கும் விட்டுவிடு என்று வைரக்கண்ணுவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். சாவி வைரக்கண்ணுவின் இடுப்பிலேயே இருந்தது.

வீடு திரும்பும்போது மதிவதனியின் போன் பைக்குள் அதிர்ந்துகொண்டே வந்தது. முதலாளிதான். நாகேஸ்வரன் சொல்லியிருப்பார். அவள் எடுக்கவில்லை. வாசலில் காலைக் கழுவி, பாயை விரித்து உட்கார்ந்ததும் இரண்டு மாதத்து அசதியும் மொத்தமாக வந்து தோளில் இறங்கியது. சுருண்ட பயிர் எல்லாம் நிமிராது என்று அவளுக்குத் தெரியும். வேம்புவின் வயலில் பாதி போனது போனதுதான். நாளைக்குத் தஞ்சாவூர் போனால் நாற்காலி இருக்குமோ இருக்காதோ.

வீரையன் சாப்பிட்டுவிட்டு, தலைக்குத் துண்டைக் கட்டி, மம்பட்டியை எடுத்துச் சுவரோரம் சாத்தினார்.

"இங்க குடுப்பா போனை, அலாரம் வச்சுத் தர்றேன்" என்றாள் அவள், பாதிக் கண் மூடியபடி.

"நீ படு" என்றார் வீரையன். பிறகு, கூட்டத்தில் சொல்லாததை அவளிடம் மட்டும் சொன்னார். "நான் என்னிக்கு ஆயி தூங்குனேன்?"